எந்தக் கையில் பந்து வரும்னே தெரியாது! ரெண்டு கையாலும் வீசிய டோனி முல்லேன்... 126 ஆண்டு கழித்து வந்த விதி

கிரிக்கெட்டில் ஒரு பவுலர் வலது கையில் வீசப் போகிறாரா, இடது கையில் வீசப் போகிறாரா என்பதை அம்பயர் முன்கூட்டியே கேட்டு பேட்டரிடம் சொல்லிவிடுவார். பேஸ்பாலில் அப்படி ஒரு விதி ரொம்ப காலமாக இல்லவே இல்லை. அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து, ரெண்டு கையாலும் பந்து வீசி பேட்டர்களைத் திணறவைத்தவர் டோனி முல்லேன்.

அவர் இதைச் செய்தது 1882-ல். ரெண்டு கையாலும் வீசும் பிட்சருக்கு விதி எழுதப்பட்டது 2008-ல். இடையில் 126 ஆண்டுகள்!

யார் இந்த முல்லேன்? 284 வெற்றிகள் எடுத்தும் அமெரிக்க பேஸ்பாலின் மிகப்பெரிய கௌரவம் அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? தன் சொந்த அணியின் கேட்சரிடமே அவர் எதை மறைத்தார்? முழு விவரம் இதோ.

அயர்லாந்தில் பிறந்த அமெரிக்க ஸ்டார்

ஆண்டனி ஜான் முல்லேன் பிறந்தது 1859-ல், அயர்லாந்தின் கார்க் பகுதியில். அயர்லாந்தை உலுக்கிய பெரும் பஞ்சம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. பிழைப்புத் தேடி லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். முல்லேன் சின்னப் பையனாக இருந்தபோதே அவருடைய குடும்பமும் அமெரிக்கா வந்து, பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரப் பக்கம் குடியேறியது.

அந்தக் காலத்தில் பேஸ்பால் அமெரிக்காவில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. படிப்போ, சொத்தோ இல்லாத ஐரிஷ் இளைஞர்களுக்கு அது ஒரு நல்ல வாய்ப்பு. கை பலமாக இருந்தால் போதும், சம்பளம் கிடைக்கும். முல்லேனுக்குக் கை பலம் தாராளமாகவே இருந்தது.

1881-ல் டெட்ராய்ட் வுல்வரைன்ஸ் அணியில் அறிமுகம். ஆனால் தொடக்கம் சரியில்லை. 5 போட்டிகளில் 1 வெற்றி, 4 தோல்வி. இதைவிடப் பெரிய அடி, அவருடைய வலது கையில் ஏற்பட்ட காயம்.

ஒரு பிட்சருக்கு வீசும் கை போய்விட்டால் வேலையே போன மாதிரிதான். இன்றைக்கு இருப்பது போல அறுவை சிகிச்சையோ, பிசியோதெரபியோ கிடையாது. அந்த வயதில் அதே காயத்தோடு ஊருக்குத் திரும்பிய வீரர்கள் ஏராளம். முல்லேன் திரும்பவில்லை. இடது கையால் வீசக் கற்றுக்கொண்டார்.

பிறகு வலது கை குணமானது. இப்போது அவரிடம் வீசத் தெரிந்த கைகள் ரெண்டு!

எந்தக் கையில் வீசினால் என்ன? இதில் என்ன லாபம்?

இது கிரிக்கெட் ரசிகர்களுக்கு எளிதாகப் புரியும். இடதுகை பேட்டர் களத்துக்கு வந்தால் கேப்டன் உடனே அஸ்வின் கையில் பந்தைக் கொடுப்பதைப் பலமுறை பார்த்திருப்போம். காரணம், ஆஃப் ஸ்பின் பந்து இடதுகை பேட்டரை விட்டு விலகிப் போகும். உள்ளே வரும் பந்தைவிட விலகிப் போகும் பந்தை அடிப்பது கஷ்டம்.

பேஸ்பாலிலும் இதே கணக்குதான். வலதுகை பிட்சர் வீசும் வளைவுப் பந்து வலதுகை பேட்டரை விட்டு விலகிப் போகும். இடதுகை பிட்சர் வீசினால் இடதுகை பேட்டருக்கு அதே பிரச்சினை. அதுமட்டுமில்லை, ஒரே பக்கக் கை என்றால் பந்து பேட்டரின் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி வருவது போலத் தெரியும். கண்ணுக்குச் சிக்க நேரமாகும்.

அதனால்தான் பேஸ்பால் பயிற்சியாளர்கள் போட்டி நடுவில் பிட்சரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இடதுகை பேட்டர் வந்தால் இடதுகை பிட்சர், வலதுகை பேட்டர் வந்தால் வலதுகை பிட்சர். பேட்டர்கள் தரப்பிலும் இதற்குப் பதில் உண்டு. ரெண்டு பக்கமும் நின்று அடிக்கத் தெரிந்தவர்களுக்கு சுவிட்ச் ஹிட்டர் என்று பெயர்.

சரி, ஒரே பிட்சர் ரெண்டு கையாலும் வீசினால்? மாற்று ஆளே தேவையில்லை. 1880-களில் ஒரு அணியில் பிட்சர்களே ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். தொடங்கியவரே முடிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய வழக்கம். அப்படிப்பட்ட காலத்தில் முல்லேன் ஒருவரே ரெண்டு பிட்சருக்குச் சமம்.

1882 ஜூலை 18: அன்று என்ன நடந்தது?

1882-ல் முல்லேன் லூயிவில் எக்லிப்ஸ் அணியில் சேர்ந்தார். அமெரிக்கன் அசோசியேஷன் என்ற புதிய லீக் தொடங்கிய ஆண்டு அது.

ஜூலை 18 அன்று பால்டிமோரில் போட்டி. எதிரணியில் இடதுகை பேட்டர்கள் வந்தபோது முல்லேன் இடது கையால் வீசினார். வலதுகை பேட்டர்கள் வந்தபோது வலது கைக்கு மாறினார். முதல்தர லீக்கில் ஒரே போட்டியில் ரெண்டு கையாலும் வீசிய முதல் பிட்சர் என்ற பெயர் அன்று அவருக்குக் கிடைத்தது.

ஆனால் வெற்றி கிடைக்கவில்லை. லூயிவில் 9-8 என்ற கணக்கில் தோற்றது.

அடுத்த ரெண்டு மாதத்துக்குள் இன்னொரு சாதனை. செப்டம்பர் 11 அன்று சின்சினாட்டி அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழுப் போட்டியையும் வீசி முடித்தார். இதைத்தான் நோ-ஹிட்டர் என்பார்கள். அந்த லீக்கின் வரலாற்றில் முதல் நோ-ஹிட்டர் அது. சீசன் முடிவில் அவர் கணக்கில் 30 வெற்றிகள்.

ரெண்டு கையிலும் பந்து... எப்படி ஏமாற்றினார்?

இங்கேதான் விஷயமே இருக்கு. அன்றைய பேஸ்பாலில் பிட்சர்கள் கிளவுஸ் போடுவதில்லை. முல்லேனுக்கு ரெண்டு கையும் காலி. பேட்டரைப் பார்த்து நின்று, பந்தை ரெண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். கடைசி நொடியில் ஏதாவது ஒரு கையிலிருந்து பந்து வரும். எந்தக் கை என்று பேட்டருக்குத் தெரியாது.

இன்று ஒரு பிட்சரைப் பார்த்தாலே எந்தக் கைக்காரர் என்று தெரிந்துவிடும். கிளவுஸ் எந்தக் கையில் இருக்கோ, அதற்கு எதிர்க் கையில்தான் பந்து வரும். கிளவுஸ் என்பது பந்தைப் பிடிக்க மட்டுமல்ல, பேட்டருக்கு ஒரு அறிவிப்புப் பலகை மாதிரியும் வேலை செய்கிறது. முல்லேன் காலத்தில் அந்த அறிவிப்புப் பலகை இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. 1882-ல் தோளுக்கு மேலே கையைத் தூக்கி வீச அனுமதி இல்லை. கீழிருந்துதான் வீச வேண்டும். நேஷனல் லீக் இந்தத் தடையை நீக்கியது 1884-ல்தான். பிட்சர் நிற்கும் தூரமும் வெறும் 50 அடி. இன்றைய 60 அடி 6 அங்குலம் 1893-ல் வந்தது.

கீழிருந்து வீசுவது, குறைந்த தூரம்... இதைக் கேட்டால் இன்றைய சாஃப்ட்பால் நினைவுக்கு வரலாம். அது சரிதான். 1887-ல் சிகாகோவில் உள்ளரங்க விளையாட்டாகத் தொடங்கிய சாஃப்ட்பால், கீழிருந்து வீசும் முறையை இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறது. சர்வதேசப் பெண்கள் சாஃப்ட்பாலில் பிட்சருக்கும் பேட்டருக்கும் உள்ள தூரம் 43 அடி. இவ்வளவு பக்கத்தில் கை மாறினால் பேட்டருக்கு யோசிக்கவே நேரம் இருக்காது.

முல்லேன் செய்தது ஏமாற்றா என்று கேட்டால், அன்றைய விதிப்படி இல்லை. எந்தக் கையில் வீச வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. எந்தக் கை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் சொல்லவில்லை. விதியில் இல்லாததை அவர் செய்தார், அவ்வளவுதான்.

டொலிடோவில் ஒரு கேட்சர்: முல்லேன் மறைத்தது யாரிடம்?

முல்லேன் வாழ்க்கையில் கைதட்ட முடியாத ஒரு அத்தியாயம் 1884-ல் வருகிறது.

1883-ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்கு 35 வெற்றிகள் எடுத்துக் கொடுத்த முல்லேன், அடுத்த ஆண்டு டொலிடோ புளூ ஸ்டாக்கிங்ஸ் அணிக்குப் போனார். அங்கே அவருடைய பந்துகளைப் பிடித்த கேட்சர்களில் ஒருவர் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர்.

வாக்கர் ஒரு கறுப்பினத்தவர். ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து 20 ஆண்டுகூட ஆகாத காலம் அது. வெள்ளையர்கள் நிறைந்த முதல்தர லீக்கில், தன் இனத்தை மறைக்காமல், ஒரு சீசனில் தொடர்ந்து இடம்பிடித்து ஆடியவர் வாக்கர்.

கேட்சருக்கும் பிட்சருக்கும் இடையே ஒரு ரகசிய மொழி உண்டு. கேட்சர் சைகை காட்டுவார், பிட்சர் அந்தப் பந்தை வீசுவார். வேகப்பந்தா, வளைவுப் பந்தா என்று கேட்சருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் பாதுகாப்பாகப் பிடிக்க முடியும். அன்றைக்கு கேட்சருக்கு இன்று இருப்பது போலப் பெரிய கிளவுஸ், நெஞ்சுக் கவசம், முழங்கால் காப்பு எல்லாம் கிடையாது. பெரும்பாலும் வெறும் கைதான். பந்து தப்பான இடத்தில் பட்டால் விரல் உடையும், விலா எலும்பு உடையும்.

வாக்கர் காட்டிய சைகைகளை முல்லேன் மதிக்கவில்லை. வளைவுப் பந்து கேட்டால் வேகப்பந்து போடுவார். எதைக் கேட்டாலும் தன் இஷ்டத்துக்குத்தான் வீசுவார். காரணம் ஒன்றே ஒன்று. ஒரு கறுப்பினத்தவர் சொல்வதைக் கேட்டு வீச அவருக்கு மனமில்லை.

ஒரு கட்டத்தில் வாக்கர் சைகை காட்டுவதையே நிறுத்திவிட்டார். என்ன பந்து வருகிறது என்றே தெரியாமல், வந்ததை வந்தபடி பிடித்தார். அந்த சீசனில் டொலிடோவுக்காக வாக்கர் ஆடியது 42 போட்டிகள். காயங்கள் ஒவ்வொன்றாகச் சேர, சீசன் முடிவதற்கு முன்பே அணி அவரை விடுவித்தது.

இவ்வளவும் வெளியே வந்தது முல்லேன் மூலமாகவேதான். பல ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையிடம் பேசும்போது, தான் பார்த்ததிலேயே மிகச்சிறந்த கேட்சர் வாக்கர்தான் என்று ஒப்புக்கொண்டார் முல்லேன். கறுப்பினத்தவர்களைப் பிடிக்காததால்தான் சைகைகளை மதிக்கவில்லை என்பதையும் அதே பேட்டியில் சொன்னார்.

அந்த ஆண்டு முல்லேன் வீசியது 567 இன்னிங்ஸ். இன்று ஒரு பிட்சர் சீசனுக்கு 200 இன்னிங்ஸ் வீசினாலே பெரிய விஷயம். வெற்றிகள் 36. அவர் வாழ்க்கையிலேயே அதிக வெற்றி எடுத்த சீசன் அதுதான். அந்த வெற்றிகளுக்குப் பின்னால், எதிர்பாராத பந்துகளை வெறும் கையில் தாங்கிய கேட்சரும் இருந்தார்.

எழுதாத விதியும் எழுதிய விதியும்

1884-க்குப் பிறகு முதல்தர லீக்குகளில் வாக்கருக்கு இடம் கிடைக்கவில்லை. சிறிய லீக்குகளில் 1889 வரை ஆடினார். அதன்பின் அந்தக் கதவும் மூடியது.

கறுப்பின வீரர்களைச் சேர்க்கக் கூடாது என்று முதல்தர லீக்குகளின் விதிப் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் பேசாமலேயே கடைப்பிடித்த ஒப்பந்தம் அது. எழுதாத அந்த விதி 1947-ல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கும் வரை நீடித்தது. சுமார் 60 ஆண்டுகள், எத்தனையோ திறமைசாலிகள் வெளியே நின்றார்கள்.

பேஸ்பால் விதிகளின் வரலாற்றில் இது ஒரு விசித்திரம். எந்தக் கையில் வீச வேண்டும் என்பது எழுதப்படவே இல்லை. அதனால் முல்லேனுக்கு முழுச் சுதந்திரம் கிடைத்தது. யார் ஆடலாம் என்பதும் எழுதப்படவில்லை. அதனால் வாக்கரால் முறையிடக்கூட முடியவில்லை. விதி எழுதப்படாத இடத்தில் யாருக்குப் பலம் இருக்கிறதோ அவர் முடிவே விதி ஆகிவிடுகிறது.

காசுக்காக மாறிய அணிகள்: ஒரு வருடத் தடை

முல்லேனைப் பற்றிப் பேசும்போது பணப் பிரச்சினையை விட்டுவிட முடியாது.

அந்தக் காலத்தில் ரிசர்வ் என்றொரு முறை இருந்தது. ஒரு அணி தன் வீரரை அடுத்த ஆண்டுக்கும் தக்கவைப்பதாக அறிவித்துவிட்டால், அவர் வேறு அணிக்குப் போக முடியாது. அதிகச் சம்பளம் கேட்டுப் பேரம் பேசவும் வழியில்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அணியின் சொத்து மாதிரிதான்.

முல்லேன் இதற்கு அடங்கவில்லை. 1884 சீசனுக்கு, ரிசர்வ் முறையை ஏற்காத யூனியன் அசோசியேஷன் என்ற போட்டி லீக்கின் அணியோடு முதலில் ஒப்பந்தம் போட்டார். தடை மிரட்டல் வந்ததும் பின்வாங்கினார். அப்படித்தான் டொலிடோவுக்கு வந்து சேர்ந்தார்.

டொலிடோ அணி அந்த ஆண்டோடு முதல்தர லீக்கை விட்டு வெளியேறியது. அடுத்து செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்கு வருவதாக ஒத்துக்கொண்ட முல்லேன், அதைவிட அதிகப் பணம் தருவதாகச் சொன்ன சின்சினாட்டியுடன் கையெழுத்துப் போட்டார். லீக் நிர்வாகம் கொதித்தது. விளைவு, 1885 சீசன் முழுக்கத் தடை.

ஒரு பக்கம் பார்த்தால் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர். இன்னொரு பக்கம் பார்த்தால், தன் உழைப்புக்கு உரிய விலையைக் கேட்டவர். அமெரிக்க பேஸ்பால் வீரர்களுக்கு அணியைத் தேர்வு செய்யும் உரிமை ஓரளவாவது கிடைத்தது 1970-களில்தான்.

அந்தத் தடையின் விலை என்ன தெரியுமா? முல்லேனின் மொத்த வெற்றிகள் 284. பேஸ்பாலில் 300 வெற்றிகளைத் தொட்டவர்கள் வரலாற்றிலேயே 24 பேர்தான். முல்லேனுக்குத் தேவைப்பட்டது இன்னும் 16. தடைக்கு முந்தைய 3 ஆண்டுகளில் அவர் எடுத்தவை முறையே 30, 35, 36. தடை முடிந்து திரும்பியதும் 33, 31. அந்த ஒரு ஆண்டு கையில் இருந்திருந்தால் 300 என்பது எட்டாத கனி அல்ல.

கூட்டத்தை இழுத்த அழகர்

சின்சினாட்டியில் முல்லேன் வெறும் பிட்சர் இல்லை, நட்சத்திரம். நல்ல உயரம், முறுக்கிய மீசை, எடுப்பான உடை. கிரேக்கர்களின் அழகு தெய்வமான அப்பல்லோவின் பெயரையே ரசிகர்கள் அவருக்குப் பட்டமாக வைத்தார்கள். பிரபு என்ற பொருளில் கவுன்ட் என்றும் கூப்பிட்டார்கள்.

பெண்களுக்குச் சலுகை கொடுக்கும் லேடீஸ் டே நாட்களில் முல்லேன் வீசினால் மைதானம் நிறையும் என்பது சின்சினாட்டி நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. அந்த நாட்களில் அவரையே களமிறக்கினார்கள். இன்றைய மார்க்கெட்டிங் மொழியில் சொன்னால் அவர்தான் அணியின் பிராண்ட்.

பந்து வீசாத நாட்களில் இன்ஃபீல்டு, அவுட்ஃபீல்டு என்று பல இடங்களிலும் ஆடினார். ஆனால் சம்பளத்தில் கை வைத்தால் பொறுக்க மாட்டார். 1892-ல் சம்பளத்தைக் குறைத்தபோது சீசன் பாதியிலேயே கிளம்பி, மொன்டானா மாநிலத்தில் சுரங்கத் தொழிலுக்குப் பேர்போன பியூட் நகர அணிக்கு ஆடப் போய்விட்டார்.

1893-ல் மீண்டும் வந்து பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு மாறினார். ரெண்டு கை வித்தை கடைசிவரை கூடவே வந்தது. 1892-லும் 1893-லும் அவர் மறுபடி இடது கையால் வீசிக் காட்டினார். ஆனால் தூரம் 60 அடி 6 அங்குலமாக மாறிய பிறகு பழைய கூர்மை இல்லை. 1894 ஜூன் 18 அன்று பாஸ்டன் அணி முதல் இன்னிங்ஸிலேயே 16 ரன் குவித்தது. அன்று பந்து வீசியவர் முல்லேன். அந்த ஆண்டோடு அவருடைய முதல்தர ஆட்டம் முடிந்தது.

மொத்தக் கணக்கு: 284 வெற்றி, 220 தோல்வி. கேட்சரால் பிடிக்க முடியாத அளவுக்குத் தப்பிப் போன பந்துகள் 343. அந்த வகையில் இன்றுவரை அவர்தான் முதலிடம்.

சில ஆண்டுகள் சிறிய லீக்குகளில் ஆடிவிட்டு, சிகாகோ காவல்துறையில் சேர்ந்தார். 1924-ல் ஓய்வு பெற்றார். அதே 1924-ல்தான் ஃப்ளீட்வுட் வாக்கர் காலமானார். முல்லேன் 1944 ஏப்ரல் 25 அன்று சிகாகோவில் 85 வயதில் இறந்தார். அவர் இறந்து மூன்று ஆண்டுகளில் ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார்.

முல்லேனுக்குப் பிறகு யார்?

முல்லேன் ஒருவர்தான் இதைச் செய்தார் என்றில்லை. 1884-ல் சிகாகோவின் லாரி கோர்கோரன், 1888-ல் எல்ட்டன் சேம்பர்லின் ஆகியோரும் ரெண்டு கையால் வீசினார்கள். அதன்பிறகு இந்தக் கலை காணாமல் போனது. கிளவுஸ் வந்துவிட்டது. அணிகளில் பிட்சர்கள் எண்ணிக்கை கூடியது. ஒரே ஆள் ரெண்டு வேலை பார்க்கத் தேவை இல்லாமல் போனது.

சுமார் 100 ஆண்டு கழித்து, 1995 செப்டம்பர் 28 அன்று, மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியின் கிரெக் ஹாரிஸ் ஒரே இன்னிங்ஸில் ரெண்டு கையாலும் வீசினார். ரெண்டு கைக்கும் பொருந்தும் ஆறு விரல் கிளவுஸ் அவரிடம் இருந்தது. ரொம்ப காலம் ஆசைப்பட்டு, ஓய்வு பெறும் நேரத்தில்தான் அவருக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. எதிரணி சின்சினாட்டி. முல்லேன் கொடிகட்டிப் பறந்த அதே ஊரின் அணி!

2008: விதி எப்படி வந்தது?

2008 ஜூன் மாதம். நியூயார்க் யாங்கீஸ் அமைப்பின் சிறிய லீக் அணியான ஸ்டேட்டன் ஐலண்டுக்கு பாட் வெண்டிட் என்ற பிட்சர் வந்தார். சின்ன வயதிலிருந்தே ரெண்டு கையால் வீசப் பழகியவர்.

புரூக்ளின் அணிக்கு எதிரான போட்டியில் அவர் முன்னால் வந்து நின்றவர் ஒரு சுவிட்ச் ஹிட்டர். வெண்டிட் வலது கைக்கு மாறினால் பேட்டர் இடது பக்கம் போய் நிற்பார். வெண்டிட் கிளவுஸைக் கழற்றி இடது கைக்கு மாறினால் பேட்டர் வலது பக்கம் வருவார். மறுபடி கிளவுஸ் மாறும், மறுபடி பேட்டர் இடம் மாறுவார். ஒரு பந்துகூடப் போடாமல் ஆட்டம் அப்படியே நின்றது. அரங்கமே சிரித்தது. அம்பயர்கள் கூடிப் பேச வேண்டியதாயிற்று.

இந்தக் கூத்துக்குப் பிறகு சில வாரங்களில் விதி எழுதப்பட்டது. முதலில் சிறிய லீக்குகளுக்கு, பிறகு மேஜர் லீக்கின் அதிகாரப்பூர்வ விதிப் புத்தகத்துக்கும் வந்தது. 2015 ஜூன் 5 அன்று ஓக்லாந்து அணிக்காக பாஸ்டனில் அறிமுகமான வெண்டிட், மேஜர் லீக்கிலும் ரெண்டு கையாலும் வீசிக் காட்டினார்.

இப்போதைய விதி என்ன சொல்லுது?

மேஜர் லீக் பேஸ்பாலில் ரெண்டு கையால் வீசும் பிட்சருக்கான விதிகள் இவைதான்:

- எந்தக் கையில் வீசப் போகிறார் என்பதை அம்பயர், பேட்டர், ரன்னர்கள் எல்லோருக்கும் தெரியும்படி காட்ட வேண்டும். பிட்சர் பலகையைத் தொட்டு நிற்கும்போது மறு கையில் கிளவுஸ் போட்டிருந்தாலே போதும்.

- அந்த பேட்டர் அவுட் ஆகும் வரை, அல்லது ரன்னர் ஆகும் வரை, அல்லது இன்னிங்ஸ் முடியும் வரை கை மாற்றக் கூடாது.

- பேட்டருக்குப் பதிலாக மாற்று பேட்டர் வந்தால் பிட்சரும் கை மாற்றலாம்.

- பிட்சருக்குக் காயம் ஏற்பட்டால் கை மாற்றலாம். ஆனால் காயம்பட்ட கையால் அந்தப் போட்டியில் மறுபடி வீச முடியாது.

- கை மாற்றியதைக் காரணம் காட்டி, பயிற்சிக்கென்று கூடுதல் பந்துகள் போட அனுமதி இல்லை.

- பிட்சர் வீசத் தயாராக நின்ற பிறகு பேட்டர் மறுபக்கம் தாவினால், பேட்டர் அவுட்.

கவனித்தால் புரியும். ரெண்டு கையால் வீசுவதை விதி தடுக்கவில்லை. மறைப்பதை மட்டும்தான் தடுக்கிறது. முல்லேன் பந்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாரே, அந்த ஒரு தந்திரத்துக்குத்தான் இன்று இடமில்லை.

சாஃப்ட்பாலில் சர்வதேசப் போட்டி, கல்லூரிப் போட்டி, பள்ளிப் போட்டி என்று விதிப் புத்தகங்கள் தனித்தனி. ரெண்டு கையாலும் வீசத் தெரிந்த மாணவியோ மாணவரோ இருந்தால், எந்தப் போட்டியில் ஆடுகிறார்களோ அந்த அமைப்பின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கிரிக்கெட்டில் என்ன நிலைமை?

கிரிக்கெட்டில் ஓவர் நடுவிலேயே கை மாற்றலாம். ஆனால் அம்பயரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மாற்றினால் நோ பால். இலங்கையின் கமிந்து மென்டிஸ் 2024 ஜூலையில் பல்லேகலேயில் இந்தியாவுக்கு எதிரான டி20 போட்டியில் இதைச் செய்தார். வலதுகை பேட்டர் சூர்யகுமார் யாதவுக்கு இடது கையால், இடதுகை பேட்டர் ரிஷப் பந்துக்கு வலது கையால் வீசினார். முல்லேன் 1882-ல் போட்ட அதே கணக்கு.

முல்லேனுக்கு என்ன இடம்?

2010-ல் சின்சினாட்டி ரெட்ஸ் அணி தன் ஹால் ஆஃப் ஃபேமில் முல்லேனைச் சேர்த்தது. ஆனால் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் தேசிய ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் இல்லை. 16 வெற்றிகள் குறைந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

2024-ல் ரெண்டு கையாலும் வீசும் ஜுராஞ்சலோ சைன்ட்ஜே என்ற இளைஞரை சியாட்டில் அணி முதல் சுற்றிலேயே தேர்வு செய்தது. இன்றைக்கு அவர் களமிறங்கினால் எந்தக் கை என்பதை முதலிலேயே காட்டியாக வேண்டும். எதிரில் நிற்கும் பேட்டருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இப்போது எழுத்தில் இருக்கு. 1884-ல் டொலிடோவில் வெறும் கையோடு குத்த வைத்து உட்கார்ந்திருந்த வாக்கருக்கு, தன் சொந்த அணிக்காரர் என்ன வீசப் போகிறார் என்பதைத் தெரிந்துகொள்ளக்கூட வழி இருக்கவில்லை.